இருட்டில் நகர்ந்த கோடு

ரிங்லெட் ஊரைத் தாண்டி மலைமேல் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக் கிளினிக், அன்றைக்கு எனக்கு மூன்றாவது. விடியற்காலையில் ஈப்போவிலிருந்து கிளம்பியதில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. கண்ணசைவுக் கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே, எப்போது வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்றுதான் இருந்தது. மணி மூன்றுதான். அதற்குள் மூடுபனி தேயிலையை முழுதாக மறைத்துவிட்டது.

வந்தது ஒரே ஒருத்தி. பவளம், ஐம்பது வயது, கொழுந்து வெட்டுகிறவள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். வெட்டுகிற கத்திரி மடியில் இருந்தது.

“மலையில நிக்க முடியல மிஸ்ஸி. தலை சுத்துது. ரெண்டு வாட்டி உருண்டுட்டேன். நான் நடிக்கிறேன்னு வேலை பிரிக்கிற கிராணி சொல்றாரு. நீங்க எழுதிக் கொடுத்தாத்தான் நம்புவாராம்.”

“எப்பலேர்ந்துக்கா?”

“பத்து நாளா. என்கூட வெட்டுற அம்சவல்லி செடி நிரையிலயே விழுந்து செத்துட்டா. அவ நிரைய எனக்குக் கொடுத்தாங்க. என் கத்திரி மொட்டையா போச்சுலா, அவளோடத எடுத்துக்கிட்டேன்.” குரல் இறங்கியது. “அவளுக்குப் பதினாறாம் நாள் காரியம் கூட முடியல மிஸ்ஸி.”

முகமூடிக் கண்ணாடியை அவளுக்கு மாட்டினேன். உள்ளே இருக்கும் சின்னக் கேமரா, கண்மணியின் அசைவைத் திரையில் கோடாக வரையும். காதிலோ மூளையிலோ கோளாறு இருந்தால் கோடு துள்ளும். மூடியைப் போட்டு இருட்டாக்கி, கண்ணைத் திறந்தே வைத்திருக்கச் சொன்னேன்.

கோடு துள்ளவில்லை.

இடமிருந்து வலமாக மெதுவாக வழுக்கிப் போனது. நின்றது. கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. செடிக்குச் செடி நின்று போகும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல.

கண் அப்படி வழுக்கிப் போக, எதிரே ஏதாவது நகர வேண்டும். வெறும் இருட்டில் யாரும் அதை நடித்துவிட முடியாது. பதினோரு வருடமாக இதே வேலை, எனக்குத் தெரியும்.

“என்னக்கா தெரியுது?” என்று கிசுகிசுத்தேன்.

“ஒண்ணுமில்ல மிஸ்ஸி. இருட்டுதான்.”

அறையில் பச்சைக் கொழுந்து வாடை அடித்தது.

பயம் ஒரு பக்கம், அசதி ஒரு பக்கம். அசதிதான் ஜெயித்தது. ‘கருவிக் கோளாறு, நோய் எதுவும் தெரியவில்லை’ என்று அறிக்கை எழுதி, அவளிடமும் சொன்னேன். நாளைக்கே அவளை அதே சரிவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

பவளம் கத்திரியை மேசைமேல் வைத்தாள்.

“இது எனக்கு வேணாம் மிஸ்ஸி. கிராணிகிட்ட கொடுத்துடுங்க.”

பனிக்குள் போய்விட்டாள்.

மனசு உறுத்தியது. கருவி உண்மையிலேயே கெட்டிருந்தால் நான் எழுதியது பொய்யில்லையே. முகமூடியை நானே மாட்டிக்கொண்டேன். ஒரே கறுப்பு. அறுபது வரை எண்ணினேன். கழற்றித் திரையைப் பார்த்தேன்.

கோடு வாசல் பக்கமிருந்து வழுக்கி வந்திருந்தது. நின்று, நின்று.

நடுவில் வந்து நின்றுவிட்டது.

இருட்டில் கண் ஓரிடத்தில் நிற்காது, அலையும். என் கண் கடைசி நாற்பது விநாடி அசையவே இல்லை. எதிரே நின்ற யாரையோ நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அறிக்கையைக் கிழித்தேன். ‘பவளத்தை மலை வேலைக்கு அனுப்பக் கூடாது’ என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

மேசைமேல் கத்திரியைக் காணோம்.

என் முதுகுக்குப் பின்னால் அது ஒருமுறை திறந்து மூடியது.