சும்மா வந்த மண்

டிராக்டர் கொட்டிவிட்டுப் போன மண்ணில் அடுப்புச் சாம்பல் வாசம் வந்தது. கலாராணி ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தாள். விறகுப் புகை, மண்ணெண்ணெய், அதற்கும் அடியில் லேசாக, ரொட்டி தீய்ந்த வாடை. மலையில் வெட்டிய மண்ணுக்கு இந்த வாசம் எப்படி வரும்?

"எங்க வெட்டுன மண்ணு தம்பி?" என்று கொட்டும்போதே கேட்டிருந்தாள். டிராக்டர்க்கார ரமேஸ் பெட்டியின் கொக்கியை ஆட்டிப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தான்.

"ரோட்டு மண்ணுக்கா. பாதைய அகலமாக்குறாங்கள்ல, அது. காசெல்லாம் வேணாம்."

அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கலாராணி பார்க்கிற ரகம். சும்மா தருகிறவர்களை நம்ப அவளுக்கு வராது.

வீட்டுக்காரர் வீரசிங்கத்தையும் அவள் நம்பவில்லை. பதுளை டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் மனிதர், பசறை ரோட்டில் இந்த வீட்டைப் பாதி கட்டி, பாதியிலேயே வாடகைக்கும் விட்டுவிட்டார். சமையலறையின் பின்சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவே ஒரு முழம் திறந்தே கிடந்தது. அதற்கு அப்பால் கல்லும் கம்பியும் உடைந்த செங்கல்லுமாக ஒரு பள்ளம். பின்வளவு என்று அதைத்தான் சொன்னார். "நீங்களே சரி பண்ணிக்கிட்டீங்கன்னா வாடகையக் கூட்ட மாட்டேம்மா" என்றார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் அவள் தலையாட்டினாள். எல்லாம் மகளுக்காக.

ஐந்து வயது கம்சலா மண்ணில் கால் வைப்பதில்லை. பேச்சும் அற்றுப் போயிருந்தது. கார்த்திகை மழையில் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் மலை சரிந்து, அவர்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்தை மூடியபோது, அந்த ஒரு லயத்தில் பிழைத்தது இவர்கள் மட்டும்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அன்று பதுளை ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். "ஒரு செடி நட வைங்க, மெதுவா மண்ணத் தொடட்டும்" என்றார் டாக்டரம்மா. கணவன் ஜெயரூபன் கொழும்பில் ஹோட்டல் வேலை. மாதம் ஒரு முறை வருவான். ஆகவே மண்வெட்டியை அவளே பிடித்தாள்.

துணிக்கடையிலிருந்து வந்ததும் தினமும் கொஞ்சம் வேலை. பள்ளத்தில் மண்ணை நிரவினாள். பாதையோரத்துப் புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்து வந்து பதித்தாள். பழைய டயரை அறுத்துப் பாத்தி, உடைந்த ஓட்டில் கரை, கடைச் சிநேகிதி தந்த டேலியாக் கிழங்கு. வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கம்சலா ஒரு மாலை எழுந்து வந்தாள். புல்லில் கால் வைத்தாள். மண்ணை ஒரு கை அள்ளி முகர்ந்துவிட்டுச் சிரித்தாள். கலாராணி மண்வெட்டியைப் போட்டுவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோசம்.

மறுநாள் காலையில் புல்தரையின் குறுக்கே ஒரு வரப்பு எழும்பியிருந்தது. நூல் பிடித்தாற்போல நேராக, கணுக்கால் உயரத்துக்கு.

காட்டுப்பன்றி என்று முதலில் நினைத்தாள். பன்றி நேர்கோடு போடுமா? உடனே வீரசிங்கத்துக்குப் போன் அடித்தாள்.

"மொதலாளி, பின்னால அத்திவாரம் வெட்ட ஆள் விட்டீங்களா?"

"அட, நீங்க ஒண்ணு! ஒங்க குசினிச் செவுத்தையே நான் இன்னும் பூசல."

சிரித்தார். சிரிப்பே சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. நான் பாடுபட்டு நிரவுவேன், இவர் அதில் அறை எழுப்பி இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவார். வரப்பை வெட்டிச் சமமாக்கினாள். அடுத்த நாள் அது திரும்ப வந்திருந்தது, குறுக்கு வரப்புகளோடு. காலடித் தடம் ஒன்றும் இல்லை. பதித்த புல் பிய்யாமல் அப்படியே மேலேறி நின்றது. யாரும் மண்ணைப் போட்டுக் கட்டியதாகத் தெரியவில்லை. அடியிலிருந்துதான் எழும்பியிருந்தது.

கட்டம் கட்டமாக ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வாசல் அளவுக்கு விடுபட்டிருந்தது. வாசல்களுக்கு முன்னால் நீளமாக ஒரு கான், அதில் தண்ணீர்கூட ஓடியது. கலாராணி முதல் கட்டத்துக்குள் கால் வைத்தாள். அடுப்பு இருக்க வேண்டிய மூலையிலிருந்து வாசலுக்கு எத்தனை எட்டு என்று அவள் காலுக்கே தெரிந்திருந்தது. இருட்டிலும் இடிக்காமல் நடந்து பழகிய அதே அளவு.

அவர்கள் லயத்தில் ஆறு வீடு. இவர்களுடையது கடைசி.

ஐந்தாவது கட்டத்தின் வரப்பு, அவள் சமையலறைச் சுவரில் வந்து முட்டி நின்றது.

ரமேஸைப் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பிடித்தாள். இந்த முறை அவனால் முகத்தைத் திருப்ப முடியவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. மேல் டிவிசன் சரிவு மண்ணுதான். ரோட்ட மறிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு, அள்ளி எங்கயாச்சும் கொட்டச் சொன்னாங்க."

"அங்க ஆளுகளத் தேடிக்கிட்டுல்ல இருந்தாங்க?"

"அத எப்பவோ நிப்பாட்டிட்டாங்கக்கா."

கலாராணி வீட்டுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு ஸகீனாவிடம் விட்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். பண்டாரவளையில் தங்கச்சி வீடு இருக்கிறது. இன்றே போய்விட வேண்டும். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, சமையலறைப் பலகையில் பிள்ளையை உட்காரவைத்து, கையில் கிடைத்ததையெல்லாம் பையில் திணித்தாள். பிற்பகல்தான். ஆனால் மூடுபனி இறங்கி, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியாகப் புகைபோல உள்ளே வந்துகொண்டிருந்தது. கரண்டும் போயிற்று.

முதலில் இருமல் கேட்டது. தூரத்தில், யாரோ கிழவர் இருமுவதுபோல. பிறகு குடம் வைக்கும் ஓசை, ஈர விறகு சடசடவென்று எரியும் ஓசை, ரேடியோவில் கரகரவென்று ஒரு பாட்டு. எல்லாம் ஒரு லயத்தின் சாயங்காலச் சத்தங்கள், ஒன்றுகூடக் குறையாமல், ஒவ்வொரு வீடாக நெருங்கி வந்தன.

பை மூடவில்லை. விட்டாள். ஆட்டோ எங்கே?

சுவருக்கு அந்தப் பக்கம் அகப்பையால் தட்டினார்கள். இரண்டு தட்டு.

லெட்சுமி அக்கா.

லயத்தில் அடுத்த வீட்டுச் சுவர் கூரை வரை போகாது. ரொட்டி சுட்டால் ஐந்தாம் வீட்டு லெட்சுமி அக்கா அகப்பையால் இரண்டு தட்டுத் தட்டுவாள். இந்தப் பக்கமிருந்து கம்சலா டம்ளரால் தட்டினால், "அந்தா முழிச்சிருக்கு எங் குட்டி" என்று சொல்லிச் சுவருக்கு மேலாகத் தட்டை நீட்டுவாள். வாங்கிய தட்டைக் கலாராணி ஒரு நாளும் சும்மா கொடுத்ததில்லை. கொஞ்சம் சீனி, இரண்டு வாழைப்பழம், ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. வெறுந்தட்டைத் திருப்பக் கூடாது. அது லயத்து வழக்கம்.

மறுபடி இரண்டு தட்டு.

கம்சலாவின் முகம் மலர்ந்தது. கையில் டம்ளர்.

"வேணாம்டி!"

டங். டங்.

எல்லாச் சத்தமும் நின்றது. இருமல் நின்றது. ரேடியோ நின்றது. பிறகு சுவருக்கு அப்பால், அதற்கும் அப்பால், ஐந்து வீட்டிலும் வரிசையாகத் தட்டினார்கள்.

இடைவெளியில் ஒரு தட்டு வந்தது. நெளிந்த அலுமினியத் தட்டு. அதைப் பிடித்திருந்த கை செம்மண்ணாக இருந்தது; நகமும் வேரும் பிரித்தறிய முடியவில்லை. தட்டில் ரொட்டி. சூடாக ஆவி பறந்தது.

கலாராணி பாய்ந்தாள். கால் பையில் தடுக்கியது. விழுந்தாள். எழுந்தபோது பிள்ளை பலகைமேல் நின்று தின்றுகொண்டிருந்தாள். கடைவாயில் சேறு வழிந்தது.

தட்டு காலி. கை திரும்பிப் போகவில்லை. விரித்தபடி காத்திருந்தது.

கம்சலா சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். சீனி டின் பைக்குள். பழம் இல்லை. ஒன்றுமே இல்லை.

"அம்மா," என்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த பேச்சு, தெளிவாக வந்தது. "வெறுந்தட்டக் குடுக்கக் கூடாதுல்ல?"

தூக்கச் சொல்லிக் கேட்கும்போது செய்வதுபோல, இரண்டு கையையும் சுவரை நோக்கி உயர்த்தினாள்.

கலாராணி மகளின் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். மேலேயிருந்தும் பிடித்தார்கள். ஒரு கை மட்டும் இல்லை. வரிசையாக, இடைவெளி முழுக்க, கைகள்.