கசந்த உப்பு

உப்பளத் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்து வரவேண்டும். அமுதவல்லி டீச்சர் கொடுத்த வேதியியல் வீட்டுப்பாடம் அது. மரக்காணத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் ஒரு பாடமா என்று வகுப்பே சிரித்தது.

ஜெயப்ரியா சிரிக்கவில்லை. அவள் அப்பா குப்புசாமி உப்பு விளைவிப்பவர். அவருடைய பாத்தித் தண்ணீரில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று, பாத்திரம் காய்ந்து போகும்வரை காய்ச்சினாள்.

மறுநாள் வகுப்பில் பிரபு தான் காய்ச்சிய உப்பை ருசித்துவிட்டு, அவள் உப்பையும் தொட்டு நாக்கில் வைத்தான்.

"த்தூ! வேப்பிலையாட்டம் கசக்குது டீச்சர்!"

பிறகு அவள் பக்கம் திரும்பினான். "எங்கம்மா உங்கப்பா உப்புலதான் கருவாடு போடறாங்க. இந்த வருஷம் வேணாம்னு இன்னைக்கே சொல்லிடறேன்."

ஜெயப்ரியா தலை குனியவில்லை. ஆனால் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கு மறுபடியும் செஞ்சு எடுத்துட்டு வாம்மா" என்றார் டீச்சர்.

மாலையில் அவள் உப்பளத்துக்குப் போனாள். அப்பா பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, முகம் இப்பிடி இருக்குது? டெஸ்ட்ல முட்டையா?"

"ஒண்ணுமில்லப்பா."

பிரபு சொன்னது அப்பாவின் காதுக்குப் போகக்கூடாது. அதில் அவள் உறுதியாக இருந்தாள்.

உப்பை வாரிய பிறகும் பாத்தியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. குவியலிலிருந்தும் நீர் கசிந்து ஓடியது. அப்பா பாத்தி காயும்வரை காத்திருக்கவில்லையே! ஜெயப்ரியா அந்த மிச்சத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

அதே கசப்பு.

அன்று அவள் தண்ணீர் முழுவதும் வற்றுமுன் அடுப்பை அணைத்தாள். துணியில் வடித்தாள். வெள்ளை வெளேரென்று உப்பு நின்றது.

மறுநாள் வகுப்பில் அதை நீட்டினாள். "உப்பு மேல தப்பில்ல டீச்சர். உப்பு முதல்ல கட்டியாயிடுது. கசக்கறது கடைசித் தண்ணியிலயே நின்னுடுது. நான்தான் அதையும் சேர்த்துக் காய்ச்சிட்டேன்."

"சரியா கண்டுபிடிச்சிருக்கே. பிரபு, உன் உப்பு எப்பிடிக் கசக்காம இருந்துச்சு?"

பிரபு நெளிந்தான். "கிரிக்கெட்டுக்கு நேரமாயிடுச்சு டீச்சர். மிச்சத் தண்ணியைக் கீழே ஊத்திட்டேன்."

வகுப்பு சிரித்து ஓய்ந்தது. அவன் அவளருகே வந்து மெல்லச் சொன்னான்: "அம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன்."

"அப்ப நீயே வந்து திருப்பிச் சொல்லு. நானும் வர்றேன்."

அன்று மாலை பிரபு ஜெயப்ரியாவின் உப்போடு தன் அம்மா மாரியம்மாள்முன் நின்றான். "நான் சொன்னது தப்பும்மா. இந்த உப்பைத் தின்னு பாரு."

மாரியம்மாள் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். இன்னொரு சிட்டிகையும் போட்டார். பிறகு மகன் காதைத் திருகினார்.

"ரெண்டு மூட்டை கொண்டாரச் சொல்லு உங்கப்பாவை" என்றார் ஜெயப்ரியாவிடம்.

மறுநாள் காலை மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டே குப்புசாமி கேட்டார்: "மாரியம்மா எப்பவும் ஒரு மூட்டைதானே வாங்கும்? இந்த வாட்டி இன்னாத்துக்கு ரெண்டு?"

"நம்ம உப்பு நல்லா இருக்குதாம்ப்பா" என்றாள் ஜெயப்ரியா.

"அது தெரிஞ்சதுதானே!" என்று குப்புசாமி நிமிர்ந்து சைக்கிளைத் தள்ளினார்.