நீண்ட கழுத்துக் காளான்கள்

நேற்று விரிந்த குடையும் குட்டைத் தண்டுமாகப் பறித்து வைத்த சிப்பிக் காளான்கள், இன்று கழுத்து நீண்டு கிடந்தன. எல்வா ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றாள். பென்சில்வேனியாவின் இந்தக் காளான் ஊரில் எவருக்கும் அதன் பொருள் தெரியும். அடைத்த இடத்தில் விட்ட மூச்சு தேங்கினால்தான் தண்டு அப்படி மெலிந்து நீளும். குடை சட்டைப் பொத்தான் அளவில் நின்றுவிடும்.

அவள் வைத்த முறையில் தப்பில்லை. கழுவவில்லை. பிளாஸ்டிக் பையில் வியர்த்துக் கொழகொழத்துவிடும் என்று காகிதப் பையில் போட்டு, வாயை லேசாக மடித்து வைத்திருந்தாள். கணவன் வெண்டலுக்காகத்தான் இவ்வளவு பக்குவமும். நுரையீரல் காய்ச்சலில் அவன் பாதியாகிப் போயிருந்தான். புரதமும் இரும்புச்சத்தும் சேர்ந்தால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டிவிடுவான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இறைச்சியைக் கண்டாலே குமட்டியவன், வெண்ணெயில் வதக்கிய காளானை மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டான். நேற்றிலிருந்து இருமலும் இல்லை. ஒவ்வொரு மூச்சும் முடியும் இடத்தில் ஒரு மெல்லிய விசில், அவ்வளவுதான் மிச்சம்.

அடுத்த அறையில் படுத்திருந்தவனிடம் இங்கிருந்தே விஷயத்தைச் சொன்னாள்.

"ஃபிரிட்ஜுக்குள்ள யாரு மூச்சு விடுறா? உங்கம்மாவப் பிடிச்சு உள்ள வெச்சுட்டியா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டி, மாலை வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜின் ரீங்காரம் ஓய்ந்தது. ஈர வைக்கோலும் சோம்பும் கலந்தாற்போன்ற காளான் வாசனைக்கு நடுவே, அந்த அமைதியில், காகிதம் சரசரத்தது. பை மெல்ல உப்பியது. தணிந்தது. மறுபடி உப்பியது. எலியாக இருக்கும் என்று நினைத்தாள். இவ்வளவு நேரம் மூடிக் கிடந்த ஃபிரிட்ஜில் எலி ஏது?

குப்பையில் போட்டுவிடலாம். பையை எடுத்தாள். குளிரில் இருந்த பை உள்ளங்கையில் வெதுவெதுத்தது. அதன் வாயை இறுக முறுக்கினாள்.

அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த விசில் நின்றது.

"வெண்டல்?"

பிடியைத் தளர்த்தினாள். விசில் வந்தது. தற்செயல்தான். மறுபடி முறுக்கினாள். உள்ளே கட்டில் கடகடவென்று ஆடியது. ஏதோ உருண்டு விழுந்தது.

பையோடு ஓடினாள்.

தண்ணீர் டம்ளர் தரையில் கிடந்தது. வெண்டல் மல்லாந்திருந்தான். நீலம் பாரித்த முகம். திறந்த கண்கள். போர்வை அசையவில்லை. மார்பில் கை வைத்தாள். ஏறவில்லை. இறங்கவில்லை. சில்லென்றிருந்தது.

அவளுடைய மற்றக் கையின் பிடி நழுவித் தளர்ந்தது. பை உப்பியது. தணிந்தது. தணிந்து முடியும் இடத்தில், அதற்குள்ளிருந்து, அந்த மெல்லிய விசில்.

வெண்டலின் கண்கள் அவள் பக்கம் திரும்பின. உதடுகள் அசைந்தன. அவள் கையில் பை சுருங்கத் தொடங்கியது.

"இறுக்கிப் பிடிக்காத, எல்வா."