தாயறி

கோகிலவாணிக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவள் கொடிவேரி அணையில் கொட்டுகிற தண்ணீருக்கடியில் உட்கார்ந்து ஆசைதீரக் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வறுத்த மீன் தின்றுகொண்டிருந்தாள். குழந்தை திருப்பூரில், அவிநாசி சாலைக் கருவகத்தில், தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. கணவன் குழந்தைவேலு முள் எடுத்துக் கொடுத்தான். அப்போதுதான் மணிக்கட்டில் செய்தி மினுங்கியது. குழந்தை நலம், எடை சரி, நேற்று விக்கல் எடுத்தது, அடுத்த மாதம் வளர்பிறையில் ஒப்படைப்பு. தாய் தன் கைப்படத் தைத்த ஜப்லா ஒன்றும் பின்னிய குல்லா ஒன்றும் தவறாமல் கொண்டுவரவும்.

கோகிலவாணிக்கு மீன் தொண்டையில் நின்றது. அது வேறு இருக்கிறதே என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அந்தக் காலத்தில் பிள்ளையை யாரும் வயிற்றில் சுமப்பதில்லை. தர்ப்பூசணி அளவுக்கு ஒரு கண்ணாடிக் கருப்பேழை; அதற்குள் வெதுவெதுப்பான நீர், செயற்கைத் தொப்புள்கொடி. மசக்கை கிடையாது, வலி கிடையாது, வேலைக்கு லீவு போடவேண்டியதும் கிடையாது. எல்லாம் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் எதிர்பாராத ஒரு சங்கடம் முளைத்தது. நாள் குறித்துக் கொடுத்த பிறகும் ஜனங்கள் பிள்ளையை வாங்கிப்போக வரவில்லை. இந்த வாரம் சரக்கு அனுப்பவேண்டியிருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்றார்கள். இஸ்திரிக்குப் போட்ட துணியைக் கேட்டு ஆளனுப்புவதுபோலக் கருவகம் ஆளனுப்ப வேண்டியதாயிற்று.

அரசாங்கம் நிபுணர் குழு அமைத்தது. முன்காலத்தில் பெண்கள் பிறக்கப்போகிற பிள்ளைக்கு உட்கார்ந்து சட்டை தைத்தார்கள், குல்லா பின்னினார்கள். கை பழகப் பழக மனமும் பழகியது என்று குழு கண்டுபிடித்தது. உடனே கைத்தையல் சட்டம் வந்துவிட்டது. பின்பக்கம் நாடா வைத்துக் கட்டுகிற ஜப்லாவும் கம்பளிக் குல்லாவும் இல்லாமல் பிள்ளை கையில் கிடைக்காது. தகப்பன்மார் ஏதாவது செய்யவேண்டுமா என்று குழுவில் ஒருவர் கேட்டதாகவும் அதற்குள் டீ வந்துவிட்டதாகவும் சொல்வார்கள். திருப்பூர் வெயிலில் பச்சைக்குழந்தைக்குக் கம்பளிக் குல்லா எதற்கு என்று மட்டும் யாருமே கேட்கவில்லை. அது சட்டத்துக்கெல்லாம் முந்தின வழக்கம்.

ஏமாற்று நடக்கக்கூடாது என்பதற்காக வந்ததுதான் தாயறி. தையல் மிஷின் அளவில் ஒரு பெட்டி. துணியை உள்ளே வைத்தால் நூலின் இழுப்பு, விரல் வியர்வை, ஊசி தயங்கிய இடம், பிரித்துத் தைத்த இடம் எல்லாவற்றையும் ஆராய்ந்து, இது தாயின் கைதானா என்று தீர்ப்புச் சொல்லும். அதற்கு யாரும் பாடம் எழுதிக் கொடுக்கவில்லை. வருகிற ஜப்லாக்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டது.

ஜனங்களும் சும்மா இருப்பார்களா? வீட்டுக்கு வீடு வேலைக்கு நின்ற ஏவலி என்கிற இயந்திர ஆட்களுக்குத் ‘தாய்க்கை’ என்று ஒரு திறன் விற்பனைக்கு வந்தது. அதை ஏற்றிவிட்டால் ஏவலி பார்த்துப் பார்த்துத் தப்பாகத் தைக்கும். தைத்து முடித்ததும் தாய்க்காரி தன் உள்ளங்கையால் துணியை ஒருமுறை தடவிக் கொடுத்தால் போதும். வியர்வைக் கணக்கும் சரியாகிவிடும்.

கோகிலவாணி மட்டும் என்ன விதிவிலக்கா? அவள் ஒரு பெரிய பனியன் கம்பெனியில் தர அதிகாரி. அங்கே குழந்தைச் சட்டைகளை மிஷின்கள் தோசை வார்ப்பதுபோல வார்த்துத் தள்ளின. பிசகின தையல் ஒன்றிருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் ஊசியில் நூல் கோத்தது கிடையாது. ஊருக்குத் திரும்பியதும் வீட்டு ஏவலி சிட்டுவைக் கூப்பிட்டு, தாய்க்கையை ஏற்றி, வெள்ளை மல் துணியையும் ஊதாக் கம்பளி உருண்டையையும் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது ஜப்லாவும் குல்லாவும் மேசைமேல் இருந்தன.

ஜப்லாவைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அழகு என்று சொல்லமுடியாது. ஓரம் லேசாகக் கோணியிருந்தது. ஆனால் பார்த்தால் ராப்பகலாக ஒருத்தி பிள்ளையை நினைத்துக்கொண்டே தைத்ததுபோல இருந்தது. கழுத்துப்பட்டி ஓரத்தில் ஓரிடத்தில் தையல் விட்டுப்போய், பிறகு தொடர்ந்திருந்தது. இங்கே ஏன் விட்டுப்போயிற்று என்று சிட்டுவைக் கேட்டாள்.

“அந்த எடத்துல அம்மாமாருக சராசரியா கண்ணத் தொடைப்பாங்கம்மா,” என்றது சிட்டு. “அதுக்கு ரெண்டு தையல் விட்டேன்.”

கோகிலவாணி ஜப்லாவை மடித்து, குல்லாவோடு அலமாரியில் வைத்தாள். தான் அழவேண்டிய இடத்தில் வேறு யாரோ அழுதுவிட்டுப் போனதுபோல இருந்தது. சாயங்காலம் குழந்தைவேலு வந்ததும், தானே தைக்கப்போவதாகச் சொன்னாள். அவன் சிரித்தான். ஊரெல்லாம் இப்படித்தான் செய்கிறது, உனக்கு மட்டும் என்ன என்று கேட்டான். அவளுக்கே அது தெரியவில்லை. தைக்கிறேன் என்று மட்டும் திரும்பச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் ஜப்லாவில் கை நுழைகிற வழியையே தைத்து மூடிவிட்டாள். இரண்டாவதில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று சேரமாட்டேன் என்றன. குல்லா பின்னப்போய் அது தேங்காய் உறிக்கிற பாரைபோலக் கூம்பாக வந்தது. விரலெல்லாம் ஊசிக்குத்து, சாம்பாரில் கை வைத்தால் எரிந்தது. சிட்டு பக்கத்தில் வந்து நின்று, நான் வேண்டுமானால் என்று இழுக்கும். போ அந்தப்பக்கம் என்று விரட்டுவாள்.

அளவும் பிரச்சினையாயிற்று. கருவகம் அனுப்பிய அளவுகளை வைத்துத் தைத்தால் அவள் கைக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. நேரில் பார்த்துவிடுவோம் என்று ஒருநாள் டேப்பை எடுத்துக்கொண்டு கருவகத்துக்கே போய்விட்டாள். வாசலிலிருந்த பெண்ணுக்கு ஒரே ஆச்சரியம். ஒப்படைப்புக்கு முன்னால் குழந்தையைப் பார்க்க வந்தவர்களை அவள் அதிகம் கண்டதில்லை.

பேழைக்கு முன்னால் கோகிலவாணி குனிந்து நின்றாள். அதுவரை படத்தில் பார்த்திருந்ததுதான். படத்தில் எல்லாக் குழந்தையும் ஒன்றுபோல இருக்கும். இது அப்படியில்லை. இடது காது மேல்நுனியில் மடங்கி, பூரிக்கட்டையில் அகப்பட்ட மாவுபோல இருந்தது. அவளுடைய அப்பாவுக்கு அப்படித்தான். கண்ணாடிமேல் டேப்பை வைத்ததும் உள்ளே ஒரு பாதம் நீண்டு வந்து, டேப்பு இருந்த இடத்தை உதைத்தது. அவள் டேப்பை நகர்த்தினாள். பாதமும் நகர்ந்தது. அளவெடுக்க வந்ததை மறந்து அவள் வெகுநேரம் அதையே செய்துகொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து தைத்த ஜப்லாவுக்குத்தான் முதன்முதலாகக் கை, கழுத்து எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. ஒரு கை சற்று நீளம். நாடா ஒன்று தடிமன், ஒன்று மெலிசு. குல்லாவில் இடது காதுப்பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்வாகப் பின்னினாள்.

ஒப்படைப்பு நாள் வந்தது. கருவக அலுவலர் நாகரத்தினம் நல்ல மனிதர். எழுந்து கைகூப்பி, கல்கண்டு கொடுத்து உட்காரவைத்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பேழையில் நீரை வடிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். வடித்துவிட்டால் குழந்தை வெளியே வந்தாகவேண்டும். அப்போது ஜப்லா தேறியிருந்தால் தாயிடம் வரும். தேறாவிட்டால் அரசுக் காப்பகத்துக்குப் போகும். மறுவிசாரணைக்கு ஆறு மாதம்.

கோகிலவாணி தன் ஜப்லாவையும் குல்லாவையும் தாயறிக்குள் வைத்தாள். அது முனகியது. விட்டுவிட்டு மறுபடி முனகியது. கடைசியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

நாகரத்தினம் திரையைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். “இது தாய் தச்சதில்லைன்னு சொல்லுதுங்க. ஏவலி தச்சதாமா. அதுவும் பழுதான ஏவலியாமா.”

“நானேதானுங்க தச்சேன்,” என்று கோகிலவாணி பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். ஊசிக்குத்துகளைப் பார்த்து அவருடைய முகம் மாறியது. “எனக்குத் தெரியுதுங்க அம்மிணி. தாயறிக்குத் தெரியணுமே. இந்தப் பதினஞ்சு வருசத்துல இங்க வந்த அத்தனை ஜப்லாவையும் அது பாத்திருக்குது. ஒரு தாயும் இப்படித் தச்சதில்லீங்க.”

இப்போதே உங்கள் கண்ணெதிரே உட்கார்ந்து தைக்கிறேன், துணி கொடுங்கள் என்று அவள் கேட்டாள். அதற்கு விதியில் இடமில்லை என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். மேல்முறையீடு செய்யலாம், ஆனால் அதை விசாரிப்பதும் சென்னையிலிருக்கிற இன்னொரு தாயறிதான். அது இதைவிடப் பெரியது, அதிக ஜப்லாக்களைப் பார்த்தது.

கண்ணாடிக்கு அப்பால் நீர்மட்டம் இறங்கத் தொடங்கியது. குழந்தை முதல்முறையாகத் தன் எடையை உணர்ந்து கைகளை விரித்து எதையோ தேடியது. கோகிலவாணி எழுந்து நின்றுவிட்டாள்.

அப்போது குழந்தைவேலு மெல்லத் தன் பையைத் திறந்தான். அலமாரியிலிருந்த ஜப்லாவும் குல்லாவும் அதற்குள் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்ததாக அவள் காதில் சொன்னான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் அவன்மேல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. முதலில் வைத்தது கைமாறி வந்துவிட்டது, சரியானது இதுதான் என்று அவன் அலுவலரிடம் சொன்னான். அவர் அதை நம்பினாரா, இரக்கப்பட்டாரா என்று சொல்வதற்கில்லை. தாய் சத்தியம் செய்யவேண்டும் என்றார்.

கோகிலவாணி ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தாள். பிறகு சிட்டு தைத்த ஜப்லாவின்மேல் கையை வைத்து, இது என் கைப்படத் தைத்தது, பொய்யென்றால் சட்டப்படி தண்டனைக்கு உட்படுகிறேன் என்று ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

தாயறி முனகக்கூட இல்லை. உடனே பச்சை விளக்கு எரிந்து, நாதஸ்வரம் ஒலித்தது. திரையில் ‘உத்தமத் தாய்’ என்று வந்தது. இந்த ஆண்டில் யாருக்கும் கிடைக்காத தரம் என்று நாகரத்தினம் வாய்கொள்ளாச் சிரிப்போடு சொன்னார். ஜப்லாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்தோரத்தைக் காட்டினார்.

“இதா, இந்தக் கழுத்துக்கிட்ட ரெண்டு தையல் விட்டுப்போச்சுங்க. அழுதுட்டே தச்சிருக்கீங்க.”

“ஆமாங்க,” என்றாள் கோகிலவாணி. அப்போது அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். பெண். ஈரமும் சூடுமாக அவள் தோளில் ஒட்டிக்கொண்டது. நிராகரித்த துணிகளைக் குப்பையில் போடவா என்று ஒரு பணியாள் கேட்டபோது, அவள் எட்டிப் பறித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பெயர் வைக்கிற அன்று வீடு நிறைய ஜனம். உத்தமத் தாய்ச் சான்றிதழையும் அந்த ஜப்லாவையும் சேர்த்துக் கண்ணாடி போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தான் குழந்தைவேலு. வந்தவர்கள் செருப்பைக் கழற்றியதும் நேரே அதற்கு முன்னால்தான் போய் நின்றார்கள். பெண்கள் கண்ணாடிமேல் விரல் வைத்துத் தையலைத் தடவினார்கள். என்ன இருந்தாலும் தாய் கை தாய் கைதான் என்று ஒரு பெரியவர் சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சிட்டு காப்பித் தட்டோடு அவர்களுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டிருந்தது.

குழந்தைவேலுவின் அக்கா கனகமணி மட்டும் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். குழந்தை ஒரு கை நீண்ட ஜப்லாவோடு, நாடா ஒருபக்கம் தடித்துத் தொங்க, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்புள்ள, இது உங்க ஏவலி தச்சதா?” என்றாள். “அதுக்கு என்னமோ ஆயிப்போச்சாட்டம் இருக்குது. நாளைக்கே கம்பெனிக்குச் சொல்லி மாத்திப்போடு. புள்ளைய அதுகிட்ட விட்டறாத.”

கோகிலவாணி வாயைத் திறந்தாள். சத்தியம் செய்தது நினைவுக்கு வந்தது. வீட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் தங்கள் தங்கள் கூடத்திலும் இப்படி ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருப்பவர்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. சரிங்க, சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

படம் எடுக்கலாம் என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எல்லோரும் சுவரோரம் கூடினார்கள். உயரமானவர்கள் பின்னால், சிறுசுகள் முன்னால். குழந்தைவேலு கேமராவைப் பார்த்துவிட்டு, ஜப்லா முழுசாகத் தெரியவில்லை, தொட்டில் மறைக்கிறது என்றான். இரண்டுபேர் தொட்டிலைப் பிடித்து, சமையலறைப் பக்கமாக நகர்த்தி வைத்தார்கள்.

கோகிலவாணியும் தொட்டிலோடு நகர்ந்து போய், குழந்தையின் மடங்கிய காதை விரலால் நீவிக்கொண்டு நின்றாள். அந்தப்பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். படம் நன்றாக வந்திருந்தது. ஒருவர்கூட விட்டுப்போகவில்லை என்று குழந்தைவேலு எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, அதை ஊருக்கெல்லாம் அனுப்பினான்.