வெள்ளைச்சாமியின் மிச்ச ஆட்டம்

"செத்துப்போன ஆளு என்கூடச் செஸ் ஆடிக்கிட்டு இருக்காருங்க," என்றார் ஹாஜா முகைதீன்.

சொல்லி முடித்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. மீமிசலிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் வழியெல்லாம் இதையே வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தார். எப்படிச் சொன்னாலும் கிறுக்குப் பிடித்த பேச்சாகத்தான் இருந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த செல்வராணி சிரிக்கவில்லை. போலீசில் சைபர் பிரிவில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். புதுக்கோட்டை வடக்கு ராஜ வீதியில், செல்போன் பழுது பார்க்கும் கடை ஒன்றின் மாடியில், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்திவந்தார். மின்விசிறியின் வேகத்தைக் குறைத்துவிட்டு, "மொதல்ல இருந்து சொல்லுங்க, அவசரமில்லை," என்றார்.

ஹாஜா சொன்னார். அவரும் வல்லத்திராக்கோட்டை வெள்ளைச்சாமியும் சவுதியில், தம்மாமில் ஒரே கிடங்கில் வேலை பார்த்தவர்கள். ஒரே அறை, ஒரே அடுப்பு. வெள்ளிக்கிழமைகளில் செஸ். ஊர் திரும்பிய பிறகு ஒருவர் கடலோரம், ஒருவர் உள்நாடு. அடிக்கடி பார்த்துக்கொள்ள முடியவில்லை; கடைசி இரண்டு வருடமாக நேரில் பார்க்கவே இல்லை. அதனால் 'பொதுக்களம்' என்ற இணையத் தளத்தில் ஆடினார்கள். ஒரு காய் நகர்த்திவிட்டு, எதிராளி நாள் கணக்கில் யோசித்து ஆடலாம். மனைவி சம்சுன் நிஹார் இறந்து, மகள் பவுசியா ஷார்ஜாவுக்குப் போன பிறகு, ஹாஜாவின் வீட்டில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. செல்போனில் வரும் அந்த ஒரு நகர்வுதான் ஒரு நாளை இன்னொரு நாளிலிருந்து பிரித்துக் காட்டியது.

"போன மாசம் வெள்ளைச்சாமி தவறிட்டான். சாவுக்குப் போயி, எடுக்குற வரைக்கும் இருந்துட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா பாதி ஆட்டம் அப்படியே நிக்கிது, என் முறை. மனசு கேக்கல. அவனுக்கு ஒரு மரியாதைன்னு நெனச்சு ஒரு காய நகத்துனேன். வச்ச விரல எடுக்கலீங்க, பதில் வந்துருச்சு. நடுங்கிப் போனேன். மறுபடி ஒண்ணு நகத்துனேன். அதுக்கும் உடனே பதில்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் மெதுவாத்தான் வருது. மறுநாள் மத்தியானம், சில சமயம் அதுக்கு மறுநாள்."

பக்கத்து நாற்காலியில் இருந்த பிளெஸ்ஸி துள்ளி எழுந்தாள். சட்டம் படித்துவிட்டுச் செல்வராணியிடம் உதவியாளராக இருப்பவள். "மேடம், இது எனக்குத் தெரியும்! நான் அந்தத் தளத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு செய்யிற தன்னார்வலர். விளம்பரமே கிடையாது, ஆடுறவங்க குடுக்குற நன்கொடையிலதான் ஓடுது. சமீபத்துல செல்போன் செயலிய புதுசா எழுதிட்டாங்க. கண்ணு மங்கலா இருக்குறவங்களுக்குப் பெரிய காய்கள், நகர்வத் தமிழ்ல வாசிச்சுச் சொல்ற குரல், அப்புறம் முன்கூட்டிப் பதில். முன்னாடி கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருந்துச்சு, இப்ப போன்லயும் வந்துருச்சு. 'எதிராளி இப்படி ஆடுனா, நான் அப்படி ஆடுறேன்'னு நாமளே வச்சிட்டுப் போயிடலாம். நாம இல்லாட்டியும் தளம் ஆடிரும். அவர் இறக்கிறதுக்கு முன்னாடி வச்சிருக்காரு. முடிஞ்சுது!"

ஹாஜா போனைப் பார்த்தார். தான் எதை நகர்த்துவோம் என்று வெள்ளைச்சாமி முன்கூட்டியே அறிந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"பாதிதான் முடிஞ்சுது," என்றார் செல்வராணி. "முன்கூட்டி வச்சதுன்னா உடனே வரணும். மொத ரெண்டு அப்படி வந்துச்சு. மத்தியானம் வர்றதெல்லாம் யாரோ உட்கார்ந்து ஆடுறது. ஆட்டத்தக் காட்டுங்க."

பிளெஸ்ஸி போனை வாங்கிப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். ஓர் இடத்தில் நின்றாள். "இங்க ஒரு செய்தி வந்திருக்கே. 'யானைக்கு ஆபத்து, பாத்துக்கங்க.' சார், உங்க யானை ரெண்டும் மூலையில பத்திரமா இருக்கு. என்ன ஆபத்து?"

"ஆபத்து இருந்துச்சும்மா. நான் கவனிக்காம வெட்டுல வச்சிட்டேன். அவன் முறை. வெட்டியிருக்கலாம். வெட்டாம ஒரு ஓரத்துச் சிப்பாய நகத்திட்டு இப்படி எழுதியிருந்துச்சு."

"வெள்ளைச்சாமி இப்படி எழுதுவாரா?" என்று கேட்டார் செல்வராணி.

"அவனா? நான் தப்புப் பண்ணுனா சிரிச்சுக்கிட்டே வெட்டுவான். அதுவும் என்னைய 'ங்க' போட்டு அவன் பேசுனதே இல்ல. வாடா மாப்ளேதான்."

செல்வராணி ஜன்னலோரம் இருந்த பலகையை எடுத்து, காய்களை மேஜையில் கொட்டினார். "இதுல யானைய எடுங்க."

ஹாஜா கூர்முனைக் காயை எடுத்து நீட்டினார்.

"அது மந்திரி சார்! யானைன்னா இது," என்று பிளெஸ்ஸி கோட்டை போன்ற காயைத் தூக்கிக் காட்டினாள். "செயலியிலயும் நான் அப்படித்தான் மொழிபெயர்த்திருக்கேன்."

"எங்களுக்கு ஒரு சூடான்காரர் கத்துக்கொடுத்தாரும்மா. அரபில அதுக்கு யானைன்னுதான் பேரு. நாங்களும் அப்படியே பழகிட்டோம்."

செல்வராணி அந்தக் காயைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிளெஸ்ஸி இன்னும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "சார், நீங்க போன வாரமே ஜெயிச்சிருக்கலாம். இப்பவும் ராணிய இங்க வச்சா ஆட்டம் முடிஞ்சுது," என்றாள்.

"தெரியும்மா," என்றார் ஹாஜா.

செல்வராணி காயைக் கீழே வைத்தார். "நிச்சயமாக் கண்டுபிடிக்கணுமா? கண்டுபிடிச்சா, இப்ப இருக்குறது இருக்காது."

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் தளத்தின் நிர்வாகிகளுக்கு ஹாஜா எழுதாமல் இருந்தார். எழுதினால் கணக்கை மூடிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு மத்தியானமும் போன் ஒலிக்கும்போது நெஞ்சு துள்ளுவதும், அது யாரென்று தெரியாமல் சாப்பாடு இறங்காமல் போவதும் இனித் தாங்காது.

"யாரோ என் கூட்டாளி பேர்ல உக்காந்துக்கிட்டு என்னையக் கேலி பண்றாங்களோன்னு இருக்குங்க. தெரிஞ்சாகணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் வல்லத்திராக்கோட்டைக்குப் போனார்கள். வெள்ளைச்சாமியின் மகன் அரவிந்த்குமார் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். செல்வராணி சொல்லியனுப்பியிருந்ததால் வெற்றிசெல்வனும் வந்திருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் பயிற்சி தருபவர். வெள்ளைச்சாமியின் போனில் செயலியைப் போட்டுக் கணக்குத் திறந்து கொடுத்தவர் அவர்தான். கடவுச்சொல்லும் அவருக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே, "அவர்தான் ஆடியிருப்பாரு மேடம்," என்று பிளெஸ்ஸி காதைக் கடித்திருந்தாள்.

கூடத்தில் மாலை போட்ட படம். அதில் வெள்ளைச்சாமி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் அப்படிக் கண்ணாடி போட்டு ஹாஜா பார்த்ததே இல்லை.

"கண்ணு எப்ப இருந்து இப்படி?" என்றார்.

"ரெண்டு வருசமாச் சுத்தமாத் தெரியலை மாமா, சுகர்," என்றான் அரவிந்த்குமார். "உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

ஹாஜா மறுபடி படத்தைப் பார்த்தார். இரண்டு வருடமாகப் பார்வையில்லாதவன் எப்படி ஆடினான்? தமிழ்க் குரல் வந்ததே சமீபத்தில்தானே?

செல்வராணி கொண்டுவந்த பலகையை மேஜையில் விரித்தார். "இது போலீஸ் விவகாரம் இல்லை. யாரும் குற்றம் எதுவும் செய்யலை. வெள்ளைச்சாமி ஐயாவோட கணக்குல இருந்து இப்பவும் ஆட்டம் வருது. அது யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தோம்."

"நான் இல்லைங்க," என்றார் வெற்றிசெல்வன், முகம் சிவந்து. "கடவுச்சொல் தெரியும், அதுக்காக?"

"தெரியும் சார். நீங்க ஆடியிருந்தா எப்பவோ ஜெயிச்சிருப்பீங்க. ஒரு வேலை மட்டும் செய்ங்க. யானைய எடுத்துக் குடுங்க."

வெற்றிசெல்வன் மூலைக் காயை எடுத்தார். அரவிந்த்குமாரும் யோசிக்காமல் இன்னொரு மூலைக் காயை எடுத்தான். உள்ளிருந்து டீத் தட்டோடு அழகம்மாள் வந்தார். முன்பெல்லாம் ஹாஜா எத்தனையோ தடவை இந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். அழகம்மாள் பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவார். அவ்வளவுதான் பழக்கம்.

"நீங்களும் எடுங்கம்மா," என்றார் செல்வராணி.

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுங்க," என்று அரவிந்த்குமார் சிரித்தான். "போன எடுத்துப் பேசுறதோட சரி."

அழகம்மாள் தட்டை வைத்தார். அவருடைய கை தானாகப் பலகைக்குப் போனது. கூர்முனைக் காயைத் தொட்டது. தொட்டபிறகுதான் எல்லோரும் தன்னையே பார்ப்பது அவருக்கு உறைத்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

செல்வராணி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பள்ளிக்கூடத்துல படிச்சவங்களுக்கு மூலையில இருக்குறதுதான் யானை. தமிழ்ச் செயலியப் பார்த்துக் கத்துக்கிட்டவங்களுக்கும் அப்படித்தான். அந்தச் செய்தியில ஆபத்துன்னு சொன்ன யானை இந்தக் கூர்முனைக் காய். அப்படிச் சொல்றது உலகத்துல இந்தப் பக்கம் ரெண்டே பேர்தான்: ஹாஜா சார், வெள்ளைச்சாமி ஐயா. அப்ப எழுதினது வெள்ளைச்சாமி ஐயா வாயால கத்துக்கிட்டவங்க. கண்ணு தெரியாதவருக்குக் குரல் வர்றதுக்கு முன்னாடி காய நகத்திக் குடுத்தவங்க. மத்தியானம், வீட்டு வேலை முடிஞ்சு ஓயுற நேரத்துல ஆடுறவங்க. வெட்டக் கிடைச்சும் வெட்டாம, எதிராளியவே எச்சரிக்கிறாங்கன்னா, ஜெயிக்கிறது அவங்களுக்கு முக்கியமில்லை. ஆட்டம் முடியக் கூடாது, அவ்வளவுதான்."

அரவிந்த்குமார் எழுந்துவிட்டான். "அம்மா?"

"அவரு பலகைய மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லுவாரு, நான் நகத்துவேன்," என்றார் அழகம்மாள், பலகையைப் பார்த்தபடியே. "தப்பா நகத்தினா திட்டுவாரு. திட்டு வாங்கி வாங்கியே கத்துக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப, 'அவன் இத வெப்பான், அதுக்கு இது. அப்புறம் அத வெப்பான், அதுக்கு இது'ன்னு சொன்னாரு. அமுக்கி வச்சேன். அதோட கண்ண மூடிட்டாரு." டீ எதுவும் சிந்தாத மேஜையைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "நீங்க ஆடுவீங்கன்னு நெனைக்கலண்ணே. ஆடுனீங்க. மத்தியானம் வீட்டுல யாரும் இருக்க மாட்டாக. போனு 'உங்கள் முறை'ன்னு சொல்லும். அது அவரக் கூப்புடுற மாதிரியே இருந்துச்சு. நான் எப்படிப் பேசாம இருக்குறது? மன்னிச்சுருங்க."

ஹாஜாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டியிருந்தது.

"எது வரைக்கும்மா அவன்?"

"உடனே வந்த அந்த ரெண்டும் அவருதாண்ணே. அதுக்கப்புறம் நான்."

ஹாஜா போனை எடுத்து அந்த இரண்டாவது பதில் வரைக்கும் பின்னால் நகர்த்திப் பார்த்தார். கறுப்புக் குதிரை நடுக்கட்டத்தில் நின்றது. வெள்ளைச்சாமி முடிந்த இடம் அது. இந்த இடத்தைத் தாண்டி இத்தனை நாளாக அவனோடு ஆடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"டிரான்னு முடிச்சுக்கலாமா?" என்றார்.

"வேணாண்ணே." அழகம்மாள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "அவரு டிராவுக்கு ஒத்துக்கிட்டதே இல்ல, ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க ராணிய வெக்காம சுத்திச் சுத்தி வர்றது எனக்கும் தெரியும். வச்சுருங்க. தோத்தா தோத்ததுதான்ம்பாரு."

ஹாஜா ஆட்டத்தை மறுபடி முன்னால் நகர்த்தி, ராணியைத் தொட்டு, கொண்டுபோய் வைத்தார். பூஜை அலமாரிக்குள் இருந்த வெள்ளைச்சாமியின் போன், பிளெஸ்ஸி எழுதிக்கொடுத்த சொற்களில், "ராஜா வீழ்ந்தார். ஆட்டம் முடிந்தது," என்று சொல்லிவிட்டு அடங்கியது. பிளெஸ்ஸி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அழகம்மாள் அந்தப் போனை எடுத்துவந்து பார்த்தார். "இங்கிட்டு ஒண்ணு கேக்குதே, 'மீண்டும் ஆடலாமா'ன்னு. அமுக்குனா?"

"இன்னொரு ஆட்டம். இந்தத் தடவை வெள்ளைக் காய் உங்க பக்கம் வரும்," என்றார் ஹாஜா.

அழகம்மாள் அமுக்கவில்லை. "அவரு பேருல வேணாம்," என்றார்.

"உங்க பேர்ல திறந்துக்கலாம்மா. காசு கிடையாது," என்றாள் பிளெஸ்ஸி. அரவிந்த்குமார் தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டு வருடத்தில் தன் வீட்டில் நடந்த எதுவும் தனக்குத் தெரியாது என்பது அவன் முகத்தில் இருந்தது.

செல்வராணியும் பிளெஸ்ஸியும் புதுக்கோட்டைக்குத் திரும்பினார்கள். ஹாஜா தனியாக அறந்தாங்கி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். தைலமரக் காடுகள் வெயிலில் பின்னால் ஓடின. மனம் காலியாக இருந்தது. வீட்டுக்குப் போய் விளக்குப் போட வேண்டும், சோறு வைக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது.

புதுப் பெயர்: அழகம்மாள். சிப்பாய்கள் அப்படியே வரிசையில் நிற்க, அவற்றைத் தாண்டி ஒரு வெள்ளைக் குதிரை முதல் ஆளாக வெளியே வந்திருந்தது. வெள்ளைச்சாமி ஒருநாளும் அப்படித் தொடங்கியதில்லை.

சாவுக்குப் போன அன்று வராத அழுகை அப்போது வந்தது. பக்கத்தில் இருந்தவர் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஹாஜா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பலகையைப் பார்த்தார். பதில் ஆட ரொம்ப நேரம் பிடித்தது. அழகம்மாள் அடுத்து எதை வைப்பார் என்று அவருக்கு ஒன்றுமே தெரியாது.