கை பிடித்து வந்தவள்

யோகப்பிரியாவின் காலில் ஓர் அட்டைகூட இல்லை.

தன் காலில் இருந்த ஒன்பதாவது அட்டையை உப்பும் புகையிலையும் கட்டிய துணி முடிச்சால் தொட்டு, அது சுருண்டு விழுந்ததும் ஷூவால் ஒதுக்கிவிட்டுத் திரும்பியபோதுதான் கோபிநாத் அதைக் கவனித்தான். ஏலக்காய் எடை போடுவதற்கென்று எப்போதோ கட்டிய தகரக் கொட்டகையில், இறங்கும் வழியில் பாதியில், மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் மரங்கள் விடவில்லை. உச்சிக் கிளையில் சேர்ந்த நீர் அடுத்த கிளைக்கு, அங்கிருந்து ஏல இலைக்கு, இலையிலிருந்து தகரத்துக்கு என்று நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. நனைந்த சாக்கின் நாற்றமும், செடிகளுக்கு அடித்த மருந்தின் நெடியும், அவன் சாக்ஸில் ஊறிய ரத்தத்தின் இரும்பு வாசனையும் கலந்து கொட்டகைக்குள் நின்றன.

"பாப்பா காலக் காட்டுங்க சார்," என்றார் வழிகாட்டி அழகுமலை, தன் விரலிடுக்கில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டே. "சின்னப் புள்ள ரத்தம்னா அட்டைக்குக் கல்யாணப் பந்தி மாதிரி. எலை போடுறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்துரும்."

கோபிநாத் மகளின் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினான். சாக்ஸை இறக்கினான். ஈரத்தில் வெளிறிய இரண்டு கால்கள். ஒட்டிய புல் ஒன்று. வேறொன்றும் இல்லை.

அழகுமலையின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்ல இறங்கியது.

அது குடும்பங்களுக்கான பாதை. கம்பம்மெட்டிலிருந்து ஜீப்பில் இருபது நிமிடம் வந்தால் தங்கும் விடுதி. அதன் பின்புறம் பாதை தொடங்குகிற இடத்தில், குடும்பத்தோடு நடக்கலாம், ஐந்து வயதுக்கு மேல், இரண்டு கிலோமீட்டர் என்று பலகை வைத்திருந்தார்கள். வழியெல்லாம் பாறைகளில் பச்சை வண்ணத்தில் அம்புக்குறி. கோபிநாத் அதனால்தான் தேர்ந்தெடுத்தான். மனைவி ஜீவிதா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், ஆறாம் நாள் உயிரோடு திரும்பாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் மாமியார் ராமாத்தாள் கொல்லங்கோட்டு வீட்டு வாசலில் நின்றுகொண்டே சொன்னார். "மாப்பளே, புள்ள மூஞ்சியப் பாத்துப் பேசி எத்தன நாளாச்சுங்க? அது வந்து நின்னாலே நீங்க வேற பக்கம் திரும்பிக்கறீங்க. ஞாயித்துக்கெழம நாங்க வர்றோமுங்க. எங்ககூட அனுப்பிப்போடுங்க."

அவன் அன்று ராத்திரியே இரண்டு நாளுக்கு அறை பதிவு செய்தான். குழந்தையை வைத்துக்கொள்ளத் தன்னால் முடியும். அதைக் காட்ட வேண்டும். வேறு யோசனை இல்லை. ராமாத்தாள் சொன்னது மட்டும் பொய்யில்லை. யோகப்பிரியாவுக்கு ஜீவிதாவின் முகம். அதைப் பார்க்க அவனால் ஆகவில்லை. தலை சீவும்போது உச்சியைப் பார்ப்பான். சோறு போடும்போது தட்டைப் பார்ப்பான்.

"ஏறும்போது நாலு எடுத்தேன் சார்," என்றார் அழகுமலை. குரல் தணிந்திருந்தது. "பாப்பா சைஸுக்கு அட்ட சாக்ஸ் இல்லையேன்னு நானே ரெண்டு தடவ நிப்பாட்டிப் பாத்தேன். முட்டிக்குப் பின்னால ரெண்டு. கடிச்ச வாயி ஒருநாப் பூரா கசியும். எங்க சார் அது?"

கோபிநாத் முழங்காலின் பின்புறம் பார்த்தான். ஒரு கால். மறு கால். தோல் முழுசாக இருந்தது.

"எந்தக் காலுங்ண்ணா?"

"நீங்கதான சார் பக்கத்துல நின்னீங்க?"

நின்றான். அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

யோகப்பிரியா தன் கால்களைத் தானும் குனிந்து பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

பாறை உச்சியில் நடந்ததை இப்போது அவன் ஒழுங்காக நினைத்துப் பார்க்க முயன்றான். கீழே கம்பம் பக்கத்து வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்துகொண்டிருந்தன. அப்புறம் தெரியவில்லை. மஞ்சு இறங்கும், பனிமூட்டம் மொத்தமாக மூடிவிடும் என்று அழகுமலை காலையிலேயே சொல்லியிருந்தார். "எறங்குச்சுன்னா நின்ன எடத்துலயே குத்தவச்சிருங்க. கூவுங்க, நான் வந்து கூட்டிக்கிறேன். அதுவரைக்கும் எந்தக் கையையும் புடிக்காதீங்க. எங்க எஸ்டேட்டுல காய் எடுக்குற பொம்பளைக மஞ்சு எறங்குனா கைக்கொழந்தையத் தவிர யாரையும் தொடாதுக." விருந்தாளிகளுக்குச் சொல்லும் கதை என்று கோபிநாத் நினைத்தான். மஞ்சு வந்தது. தன் ஷூவே தெரியாத வெள்ளை. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மாமியார். எடுப்பதற்காக மகளின் கையை விட்டான். எடுக்காமல் திரும்பப் பைக்குள் போட்டான். அவ்வளவுதான் நேரம். ஒரு சின்னக் கை வந்து அவன் விரல்களுக்குள் நுழைந்தது. சில்லென்று இருந்தது. மழை என்று நினைத்துக்கொண்டான். குத்தவைக்கவில்லை. கையை இறுகப் பிடித்துக்கொண்டு அழகுமலையின் குரலை நோக்கி நடந்தான்.

அதற்குப் பிறகு அவள் அழவே இல்லை. கால் வலிக்குது என்று சொல்லவில்லை. தினமும் பத்துத் தடவை கேட்கும் கேள்வியை, அம்மா எப்ப வரும் என்பதை, ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக அவனுக்கு மூச்சு எளிதாக இருந்தது.

அழகுமலை எழுந்து கொட்டகை வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை.

"தழும்பு, மச்சம், ஏதாச்சும் இருக்குமுல்ல சார். சொல்லுங்க. பாத்துருவோம்."

இந்த ஆள் விளையாடுகிறாரா? கோபிநாத் அவர் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு இல்லை. யோசித்தான். ஊஞ்சலிலிருந்து விழுந்து தையல் போட்டது. ஜீவிதாதான் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவன் அப்போது அரிசி ஆலையில் இருந்தான். தாடையிலா? புருவத்திலா? தாடையைப் பார்த்தான். வழவழவென்று இருந்தது. புருவத்தைப் பார்த்தான்.

"தெரியலைங்ண்ணா."

சொன்ன பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவனுக்கு உறைத்தது.

"அம்மிணி," என்றான். "அம்மா உன்ன என்ன பேருச் சொல்லிக் கூப்புடும்?"

"நீங்க சொல்லுங்ப்பா."

"நம்மூட்டு நாய் பேரு என்ன?"

"நீங்க சொல்லுங்ப்பா," என்றாள், அதே புன்னகையோடு, பாடம் கேட்கக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி.

அப்போது மேலே, மரங்களுக்கும் மேலே, மஞ்சுக்குள்ளிருந்து, மெலிதாக ஒரு சத்தம். கூ. இழுத்து, உடைந்து, விக்கி. மறுபடி கூ.

அழகுமலை சட்டென்று தலையைத் திருப்பினார். கோபிநாத்தும். யோகப்பிரியா திரும்பவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு இந்தப் பாதையில நாம மட்டுந்தான் சார் ஏறுனது," என்றார் அழகுமலை.

ஒரு கணம், ஒரே கணம், அவன் அதை நினைத்தான். இப்படியே இறங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். அழாத பிள்ளை, சிரிக்கிற பிள்ளை, அப்பாவின் கையை விடாத பிள்ளை. மாப்பிள்ளை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். யாருக்கும் தெரியாது.

மேலே விக்கல்.

"இத இங்கனயே விட்டுட்டு வாங்க," என்றார் அழகுமலை.

"எப்படிங்ண்ணா உடறது? ஒருவேள இதுதான் அம்மிணியா இருந்தா..."

அழகுமலை புரிந்துகொண்டார். "அப்பச் சரி. ஜீப்பு ரோடு அஞ்சு நிமிசந்தான். ஜீப்போட நிக்கிற ஜோஜோகிட்ட விட்டுட்டு ஓடியாங்க. நான் இங்கிட்டு நின்னு கூவிக்கிட்டே இருக்கேன். வெளிச்சம் போகப்போகுது."

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். எடையே இல்லாமல் இருந்தாள். ஆறு வயதுப் பிள்ளை என்ன கனம் இருக்கும்? அதுவும் அவனுக்குத் தெரியவில்லை. கடைசியாக எப்போது தூக்கினான்?

ஜீப் ஓட்டும் ஜோஜோ பின் கதவைத் திறந்துவிட்டான். "எந்தா சாரே? முகம் வல்லாதெ, ஒருமாதிரி இருக்கே. மோளு பேடிச்சுப்போச்சா?"

"பயமெல்லாம் இல்லைங்க. கொஞ்ச நேரம் பாத்துக்குங்க. கதவச் சாத்தி வைங்க."

பின் சீட்டில் அவள் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். கை அசைத்தாள். அவன் ஓடினான்.

பச்சை அம்புகள் எல்லாம் இறங்குபவர்களுக்காகக் கீழ்நோக்கியே இருந்தன. ஒவ்வொன்றும் அவனைத் திரும்பிப் போகச் சொன்னது. கொட்டகையைத் தாண்டினான். அழகுமலை கூவிக்கொண்டே பின்னால் வந்தார். மேலிருந்து பதில் வந்தது. சில்வண்டுகள் மொத்தமாக ஓய்ந்தன. வழுக்கியது. முட்டி கல்லில் இடித்தது. எழுந்தான். வெள்ளை சாம்பலாகிக்கொண்டிருந்தது. மரம் தெரிந்தது. பிறகு மரம் இல்லை. தன் மூச்சு மட்டும்.

"அம்மிணி!"

கூ.

இடது பக்கம். பாறை அடி. ஏதோ சுருண்டு இருந்தது. சின்னதாக.

அவள்.

குத்தவைத்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு. கால் முழுக்க அட்டைகள். கழுத்தில் ஒன்று, திராட்சை மாதிரி ஊதி. முழங்காலின் பின்னாலிருந்து ரத்தம் சாக்ஸுக்குள் ஓடியிருந்தது.

"கைய உட்டுட்டீங்ளேப்பா," என்று அழுதாள்.

அள்ளி எடுத்தான். கனத்தாள். சுட்டாள். அவளுடைய நெஞ்சு அவன் நெஞ்சின்மேல் படபடவென்று அடித்தது. எட்டு மாதத்தில் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். ஜீவிதாவின் கண். ஜீவிதாவின் உதடு. புருவத்தில் ஒரு கோடு, தையல் விட்ட இடம். அவனுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்தது. சத்தம் போட்டு அழுதான்.

"அம்மா உன்ன..." என்று ஆரம்பித்தான்.

நிறுத்திக்கொண்டான். கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. இவ்வளவு ரத்தம் இருக்கிறது.

இறங்கும்போது அழகுமலை கூடவே வந்தார். கொட்டகையைத் தாண்டியதும் பின்னால் அவருடைய காலடி நின்றது.

"சார்."

கோபிநாத் நடந்தான்.

"சார், நில்லுங்க. மேல... கேக்குதா?"

"எம் பொண்ணு இதா இருக்குது."

"சார், அது இன்னும் கூவுது."

"எதிரொலிங்க."

"யாரும் கூவாம எப்படி சார் எதிரொலி வரும்?"

அவன் ஓடினான். கழுத்தைக் கட்டியிருந்த கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின. பின்னால் அழகுமலையின் காலடி மேல்நோக்கித் திரும்பிப் போவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

ரோடு. ஜீப்பின் உள்விளக்கு எரிந்தது. ஜோஜோ ஜீப்பில் இல்லை. முப்பது அடி தள்ளி, ரோட்டின் எதிர்ப்புறம், சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"சாரே," என்றான்.

கண்ணாடிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்தாள். அவன் தோளில் இருந்ததைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

கதவு உள்ளிருந்து திறந்தது. உள்ளே இருந்தவள் நகர்ந்து இடம் விட்டாள்.

அவன் கழுத்திலிருந்து கைகள் விலகின. தோளில் இருந்தவள் தானாகவே இறங்கினாள். ஏறி உட்கார்ந்தாள். அழுகை எங்கே போனதென்று தெரியவில்லை.

முதலில் வந்தவள், இரண்டாவதாக வந்தவளின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள். உள்ளங்கையால் ரத்தத்தைத் துடைத்தாள். பள்ளிக்கூடத்தில் சிலேட்டைத் துடைப்பதுபோல, பொறுமையாக, மேலிருந்து கீழாக.

துடைத்த இடத்தில் காயம் இல்லை.

மறு காலையும் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். புருவத்தைத் துடைத்தாள். தையல் விட்ட கோடும் போனது.

பிறகு இருவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஜீவிதாவின் கண்களால் அவனை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"போலாங்ப்பா."