மந்திரியை விட்டுத்தர மாட்டேன்

"மந்திரியை என்கிட்ட குடுத்துரு. நீ என் குதிரையா இரு," என்றான் பால்பாண்டி.

மாரிக்கனிக்குக் காது சூடாகிவிட்டது. குதிரையாம்! இத்தனை வாரமாக விளையாட்டில் அவள் ஆசை ஆசையாக வளர்த்த மந்திரி மதுரவாணியைக் கொடுத்துவிட்டு, இவனைச் சுமக்கும் குதிரையாக வேண்டுமாம்!

ராஜபாளையத்தில் ஜெர்வின் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த விளையாட்டு நடக்கும். ஜெர்வின் சர்ச்சிலிருந்து வந்ததும் பாய் விரித்துவிடுவார்கள். அவன்தான் கதை சொல்பவன். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவன் வாயிலிருந்துதான் வரும். மற்ற இருவரும் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள் போக வேண்டும்.

ஒவ்வொரு வேடத்துக்கும் பலம், புத்தி, பேச்சு என்று மூன்று எண்கள் உண்டு. ஒரு காரியம் பலிக்குமா என்று பார்க்க, இருபது பக்கப் பகடையை உருட்டி, விழுந்ததோடு அந்தக் காரியத்துக்குரிய எண்ணைக் கூட்ட வேண்டும். ஜெர்வின் கேட்கும் தொகை வந்தால் ஜெயம்.

பால்பாண்டியின் மல்லனுக்குப் பலம் பத்து, புத்தி ஒன்று. மாரிக்கனியின் மதுரவாணிக்குப் பேச்சு பத்து. அவள் வாயைத் திறந்தால் புலிகூட உட்கார்ந்து கேட்கும்.

மாரிக்கனிக்கோ பேச்சு திக்கும். வகுப்பில் அவள் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் அடுத்த பெயருக்குப் போயிருப்பார். அதனால்தான் அவளுக்கு மதுரவாணியை அவ்வளவு பிடித்தது.

இன்றைக்குக் கோட்டை வாசலில் ஒரு பூதம் நின்றது.

"ஏழு வருசமா ஒத்தையில காவல் காக்குது," என்றான் ஜெர்வின். "கண்ணு ரெண்டும் கோவைப்பழம். பெரிய கொட்டாவியா விடுது. 'ஒருத்தரையும் விட மாட்டேன்'னு கத்துது."

"ம... மதுரவாணி பேசிப் பாக்கா," என்றாள் மாரிக்கனி.

"அப்ப நீ பேசு. பூதம் மனசு மாறுற மாதிரி பேசிக் காட்டு."

மாரிக்கனி வாயைத் திறந்தாள். "பூ... பூ... பூ..." அதற்குமேல் வரவில்லை. அப்போதுதான் பால்பாண்டி சிரித்துக்கொண்டே அந்தக் குதிரைப் பேச்சை எடுத்தான்.

ஜெர்வினும் தலையாட்டினான். "அவன் சொல்றதும் சரிதான். பேச வராத ஆளு மந்திரியா இருந்தா கதை எப்படி நகரும்?"

மற்ற நாளாக இருந்தால் மாரிக்கனி தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். இன்றைக்கு எழுந்து நின்றாள். மூலையில், கிரைண்டர் வாங்கியதிலிருந்து யாரும் தொடாத பழைய ஆட்டுரல் ஒன்று கிடந்தது.

"பா... பால்பாண்டி, அதைத் தூக்குலே!"

"எதுக்கு?"

"போன வாரம் உன் மல்லன் யா... யானையையே தூக்கினான்ல? தூக்கு!"

பால்பாண்டி வீம்புக்குப் போய்க் கட்டிப்பிடித்தான். முக்கினான், முனகினான். ஆட்டுரல் அசையவில்லை. அவன் கால்சட்டைப் பொத்தான்தான் தெறித்து விழுந்தது. ஜெர்வின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"ஏட்டி, விளையாட்டுல தூக்குறது மல்லன்! நான் இல்ல!" என்று கத்தினான் பால்பாண்டி.

"அதைத்தான் நானும் சொ... சொ..."

"சொல்றேன்," என்று ஜெர்வின் எடுத்துக் கொடுத்தான்.

"நீ எடுத்துக் குடுக்காத. நானே சொல்வேன்." மாரிக்கனி மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகத் தொடர்ந்தாள். "சொல்றேன். அவனுக்குப் ப... பகடை போதும். நான் மட்டும் ஏன் பேசிக் காட்டணும்? என்ன சொல்லணும்னு நான் யோசிக்கேன். அழகா எடுத்துச் சொல்றது மதுரவாணி பாடு. இன்னொண்ணு. மல்லனுக்குப் பு... புத்தி ஒண்ணுதான். ஆனா எல்லா விடுகதையையும் அவன்தான் அவுக்கான். அதை யாராச்சும் கேட்டீங்களா?"

பால்பாண்டி பொத்தானைத் தேடுவதுபோல் தரையைப் பார்த்தான்.

ஜெர்வின் தலையைச் சொறிந்தான். "நியாயமாத்தான் இருக்கு. சரி, மதுரவாணி என்ன சொல்லுதா?"

மாரிக்கனிக்குப் பூதத்தின் கோவைப்பழக் கண் நினைவுக்கு வந்தது. பாவமாக இருந்தது.

"அவ கோ... கோட்டையைப் பத்தியே பேச மாட்டா. 'கடைசியா எப்பத் தூங்கினீங்க?'னு கேப்பா. 'செத்த நேரம் படுங்க, அதுவரைக்கும் நாங்க காவல் நிக்கோம்'னு சொல்வா."

ஜெர்வின் பகடையை எடுத்து அவளிடம் நீட்டினான். பூதத்தை ஏமாற்ற நினைப்பார்கள், அடிக்க வருவார்கள் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தான். இதை அவன் எதிர்பார்க்கவே இல்லை.

"பதினஞ்சு வேணும். உருட்டு," என்றான்.

பகடையில் எட்டு விழுந்தது. பேச்சு பத்தோடு பதினெட்டு!

"பூதம் அழுதுருச்சு," என்றான் ஜெர்வின். "'ஏழு வருசத்துல ஒருத்தரும் இப்படிக் கேக்கலையே'ன்னு சொல்லிட்டுப் படுத்துருச்சு. வாசலைத் தாண்டிப் போறீங்களா?"

"போக மாட்டோம். சொ... சொன்னா சொன்னதுதான். மல்லன் காவல் நிக்கட்டும்."

"நானா?" என்றான் பால்பாண்டி.

நன்றாகத் தூங்கி எழுந்த பூதம், தானே கோட்டைக் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே இன்னொரு கதவு. அதில் ஒரு விடுகதை.

ஜெர்வின் அதைச் சொன்னதுமே பால்பாண்டியின் முகம் மலர்ந்தது. "அது வந்து..." என்று ஆரம்பித்தவன், மாரிக்கனியைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு பகடையை உருட்டினான். இரண்டு விழுந்தது.

"மல்லனுக்குத் தெரியலையாம்," என்றான் அழாத குறையாக.

"பரவால்ல," என்றாள் மாரிக்கனி, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடி. "நான் யோ... யோசிச்சுச் சொல்றேன், மதுரவாணிக்குப் பகடையும் உருட்டுறேன். செத்த நேரம் ஆகும். இருங்க."

இருவரும் வாயைத் திறக்காமல் இருந்தார்கள்.